பழைய டாடா 407-ல் பிரேக் ஏர் எடுப்பது: பார்ட்ஸ் மாற்றிய பிறகு எந்த வேலை முதலில், எது கடைசியில்

சக்கரத்தில் பிரேக்கை விரிக்கும் வீல் சிலிண்டர் புதிது, பெடலை மிதித்ததும் அதற்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதிது, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று, அதாவது ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றியாயிற்று. ஆனாலும் பெடல் பாதிக்குக் கீழே போகிறது. மறுபடி ஏர் எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்துவிடுகிறது, பெடல் அப்படியே இருக்கிறது. பழைய வண்டியில் இந்த நிலைமை வந்தால், ஏர் எடுப்பதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். அதனால் இங்கே முறையைவிட வரிசைக்குத்தான் அதிக இடம்.

நான்கு சக்கரத்திலும் டிரம், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் வேக்யூம் பூஸ்டர் உள்ள பழைய டாடா 407 போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தும். காற்று டேங்க் வைத்த ஏர் பிரேக் லாரிக்கு இது பொருந்தாது.

1. கையில் இருக்க வேண்டியவை

பிரேக் ஆயில் ஒரு லிட்டராவது வேண்டும். மூடி திறக்காத, புது டப்பாவாக இருக்கட்டும். கடை அலமாரியில் பாதி காலியாகக் கிடந்த டப்பா வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் (DOT) என்பது ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 140 டிகிரி போதும் என்று தரமே இறங்கி வந்துவிடுகிறது. டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230, 155. லோடோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும் வண்டியில் டிரம் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறும். அங்கே ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியானால், சற்றுமுன் கல் மாதிரி இருந்த பெடல் தரையைத் தொடும்.

வண்டியின் ஆயில் கிண்ண மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 3-ம் 4-ம் கலந்தால் கெடாது. டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை இவற்றோடு கலக்கக்கூடாது. எண் ஒன்று போலத் தெரிந்தாலும் 5.1 வேறு, 5 வேறு.

மற்ற சாமான்கள்:

- நிப்பிளுக்கு (வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறக்கும் சின்ன ஸ்க்ரூ) சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர். ஓபன் ஸ்பேனர் போட்டால் பழைய நிப்பிளின் முனை மழுங்கும்.
- பைப் நட்டுக்கு, வாய் பிளந்த ரிங் போன்ற பைப் ஸ்பேனர்.
- நிப்பிளில் இறுகப் பிடிக்கும், உள்ளே தெரியும் டியூப் ஒரு மீட்டர்.
- கண்ணாடி அல்லது தெளிவான பிளாஸ்டிக் பாட்டில்.
- கழற்றும் ஒவ்வொரு பேஞ்சோ போல்ட்டுக்கும் (ஹோஸை இணைக்கும், நடுவே ஓட்டை உள்ள போல்ட்) இரண்டு புது செம்பு வாஷர்.
- இரண்டு ஸ்டாண்ட், நான்கு மரக்கட்டை, பஞ்சு துணி, ஒரு வாளி தண்ணீர்.

தண்ணீர் வாளி கட்டாயம் வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும். சிந்தியதும் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ரப்பர் படும் எந்தப் பாகத்தையும் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் ஊதிப் பெருத்துவிடும். பெருத்த கப் முதலில் பிரேக்கை விடாமல் பிடித்துவைக்கும், பிறகு கிழியும். கழுவுவதற்குப் பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ பயன்படுத்தலாம். கிரீஸ் தடவியே தீரவேண்டும் என்றால் ரப்பருக்கென்று விற்கும் கிரீஸ்தான், சேஸிஸ் கிரீஸ் அல்ல.

2. வண்டியை நிறுத்துவது

லோடு இறக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, முன்பக்கம் தூக்கினால் பின்னுக்கு. ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, ஏனென்றால் ஷூவை (டிரம்மின் உள்பக்கம் அழுத்திப் பிடிக்கும், லைனர் ஒட்டிய வளைந்த கட்டை) டைட் வைக்கும்போது அதை விடுவித்தே ஆகவேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலை போகக்கூடாது. ஸ்டாண்ட் போட்டு, ஜாக்கியைத் தளர்த்தி, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே படுங்கள்.

பின்னால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்குக் கீழே வையுங்கள், சேஸிஸுக்குக் கீழே அல்ல. சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, லோடுக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துக்கூட்டும் வால்வு ஒன்று லீவரோடு இருக்கும். ஆக்ஸில் தொங்கினால், 'வண்டியில் பாரமே இல்லை' என்று அந்த வால்வு பின் லைனைச் சுருக்கிவிடும். அப்போது பின் சக்கரத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், காற்று நகராது. ஸ்பிரிங் பட்டை வண்டியின் எடையைத் தாங்கி உட்கார்ந்திருந்தால் வால்வு திறந்திருக்கும்.

பழைய ஷூ தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

3. நான்கு நிப்பிளும் அசைகிறதா

ஆயில் ஊற்றுவதற்கு முன்பே இதைச் சோதியுங்கள். மூன்று சக்கரம் முடித்து நான்காவதில் நிப்பிள் உடைந்தால் அன்றைய வேலை மொத்தமும் வீண்.

மாற்றாத சக்கரத்தின் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயில் தெளித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நிப்பிளின் தலையில் சின்ன சுத்தியலால் நேராக நாலு தட்டு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, அதன்பின் தளர்த்துங்கள். அசையவில்லை என்றால் பலம் போடாதீர்கள். உடைந்த நிப்பிளைத் துளைத்து எடுக்கும் நேரத்தில் புது வீல் சிலிண்டரே போட்டுவிடலாம், அதுதான் நல்லதும்கூட.

கழன்று வந்த நிப்பிளின் ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பழைய நிப்பிளில் ஓட்டை மண்ணால் அடைத்துக்கொள்வது சகஜம். 'திறந்தேன், ஆயில் வரவில்லை' என்று சொல்லும் சக்கரத்தில் பாதிக்குப் பாதி இதுதான்.

நிப்பிள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். காற்று மேலே ஏறும், ஆகவே நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். முன்னால் டிஸ்க் உள்ள மாடலில் இடது காலிபரை (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பாகம்) வலதில் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்காரும், டியூப்பில் சுத்தமான ஆயிலும் வரும், ஆனால் மேலே தேங்கிய காற்று எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அசையாது.

4. ஷூவை டைட் வைத்த பிறகே மற்றதெல்லாம்

அதிகம் பேர் தவறவிடும் படி இது. நிதானமாகச் செய்யுங்கள்.

லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், ஷூ டிரம்மைத் தொடுவதற்கே வீல் சிலிண்டருக்கு நிறைய ஆயில் தேவைப்படும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு அனுப்பும் ஆயிலின் அளவு மாறாது. அதில் பெரும்பகுதி இடைவெளியை நிரப்பவே போய்விட்டால் பெடல் கீழே இறங்கித்தான் பிடிக்கும். அதை ஏர் என்று நினைத்து ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் பலன் வராது, அங்கே ஏரே இல்லை.

ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட்டின் ஓட்டை வழியாக, ஷூவை விரிக்கும் பல் சக்கரமான அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுக்குங்கள். பிறகு மெல்லத் தளர்த்தி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் இடத்தில் நிறுத்துங்கள். சுற்றும்போது ஏதோ ஒரு இடத்தில் மட்டும் லைனர் உரசும் 'ஸ்ஸ்' சத்தம் காதில் விழ வேண்டும். சத்தமே இல்லை என்றால் தளர்வு அதிகம். சுற்று முழுவதும் உரசினால் ஓட்டத்தில் சூடேறும்.

புது லைனர் போட்ட சக்கரத்தில் ஒரு தடவை வைத்தால் போதாது. ஏர் எடுத்து முடித்து, பெடலை நான்கைந்து தடவை அழுத்தி மிதித்ததும் ஷூ தன் இடத்தில் நகர்ந்து உட்காரும். அதன்பின் மறுபடி பார்த்தால் அட்ஜஸ்டரில் ஒன்றிரண்டு பல் இடம் கிடைக்கும்.

டிரம்மில் படி விழுந்திருந்தால், அதாவது ஓரத்தில் விரல் நகம் தட்டும் அளவுக்கு வரப்பு நின்றிருந்தால், புது லைனர் அந்த வரப்பில் ஏறி நிற்கும். லைனரின் முழு அகலமும் டிரம்மில் படாது. டிரம்மைக் கடைந்து, ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டவில்லை என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

5. புது மாஸ்டர் சிலிண்டரை வைஸில் வைத்தே ஏர் எடுங்கள்

மாஸ்டர் மாற்றியிருந்தால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வண்டியில் மாட்டிய மாஸ்டர் பெரும்பாலும் முன்முனை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே தேங்கும் காற்று அந்த முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். பின் சக்கர நிப்பிள்வரை மூன்று, நான்கு மீட்டர் பைப்பில் அதைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாடு.

வைஸில் மாஸ்டரின் காதை (போல்ட் ஓட்டை உள்ள பகுதி) மட்டும் பிடியுங்கள், உடலைப் பிடித்தால் உள்வட்டம் நெளியும். வெளியே போகும் இரண்டு துளையிலும் சின்ன டியூப் மாட்டி, முனை இரண்டையும் மாஸ்டரின் மேலே இருக்கும் ஆயில் கிண்ணத்துக்குள் ஆயிலில் மூழ்கியபடி வளைத்து விடுங்கள். கிண்ணத்தை நிரப்பி, முனை உருண்டையான கம்பியால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அதைவிட மெதுவாக வெளியே வர விடுங்கள்.

முதலில் பெரிய குமிழ்கள் வரும், பிறகு கடுகு மாதிரி, பிறகு ரவை மாதிரி. ரவை நின்ற பிறகும் பத்து தடவை தள்ளுங்கள். டியூப் முனை ஆயிலுக்கு வெளியே வந்தால் ஒரே இழுப்பில் காற்று உள்ளே போய்விடும், ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். குமிழ் முழுக்க நின்றபின் பிஸ்டனைத் தள்ளினால் இரும்புக் கம்பியைத் தள்ளுவது போல, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கை நிற்க வேண்டும். இதைப் பார்க்க டியூப்பைக் கழற்றித் துளைகளை அடைப்பான் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

அடைப்பானோடே வண்டிக்குக் கொண்டுபோய், மாட்டும் கணத்தில் எடுத்துப் பைப்பைச் செருகுங்கள். பைப் நட்டை முதலில் விரலால் மூன்று மரையாவது ஏற்றுங்கள். மாஸ்டரின் உடல் பல மாடல்களில் மெல்லிய உலோகம். குறுக்கே ஏறிய மரை ஒரே தடவையில் அதைக் கெடுத்துவிடும்.

6. மாட்டியதும் பார்க்க வேண்டிய ஒரு துளை

கிண்ணத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் அதன் வழியாகத்தான் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும். பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடில் தளர்வே இல்லாவிட்டால் பிஸ்டன் சற்று முன்னால் நின்று அந்தத் துளையை மூடிவிடும். ஓட ஓட அழுத்தம் தேங்கி, நான்கு சக்கரமும் பிடித்துச் சூடேறும். வண்டி ஆறினால் விட்டுவிடும், மறுபடி ஓடினால் பிடிக்கும்.

மூடியைத் திறந்து, ஒருவர் பெடலை மிக மெதுவாக அழுத்தட்டும். பெடல் நகரத் தொடங்கியதும் கிண்ணத்துக்குள் ஆயில் ஒரு சின்ன ஊற்றாகக் கொப்பளிக்க வேண்டும். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோகாதீர்கள், வேகமாக மிதித்தால் கண்ணில் அடிக்கும். கொப்பளிக்கவில்லை என்றால் புஷ் ராடின் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

7. முதலில் தானாக இறங்க விடுங்கள்

பைப், ஹோஸ் எல்லாம் வறண்டு கிடக்கும்போது எடுத்த எடுப்பில் மிதிக்கத் தொடங்காதீர்கள். கிண்ணத்தை நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, பின் நிப்பிள் இரண்டையும் அரைச் சுற்றுத் திறந்து வையுங்கள். பத்து இருபது நிமிடத்தில் ஆயில் தன் எடையாலேயே சொட்டத் தொடங்கும். சொட்டும் பக்கத்தை மூடுங்கள், அடுத்து முன் சக்கரம். பைப்பில் உள்ள பெரிய காற்று இதிலேயே போய்விடும். சில பழைய மாஸ்டர்களில் டிரம் பிரேக்குக்காகச் சிறிது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அவற்றில் ஆயில் தானாக இறங்காது, நேரே ஒன்பதாம் படிக்குப் போகலாம்.

8. எந்தச் சக்கரம் முதலில்

மாஸ்டரிலிருந்து பைப் வழியில் எது அதிகத் தூரமோ அதுதான் முதல். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் ஆக்ஸிலுக்கு ஒரே ஹோஸ் இறங்கி அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடம் எந்தப் பக்கத்துக்கு நெருக்கமோ அந்தப் பக்கம் இரண்டாவது. பைப்பை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்துவிடுங்கள், பழைய வண்டியில் யாராவது வழி மாற்றிப் போட்டிருக்கலாம்.

முன் சக்கரத்தில் இரண்டு வீல் சிலிண்டர் இருந்தால் அவற்றை இணைக்கும் சின்னப் பைப்பின் இரு முனையையும் பாருங்கள். ஆயில் நுழையும் சிலிண்டர் ஒன்று, நிப்பிள் உள்ளது இன்னொன்று. இதை மாற்றி இணைத்தால் ஒரு சிலிண்டரில் காற்று நிரந்தரமாகக் குடியிருக்கும்.

பூஸ்டர் மாஸ்டரோடு ஒட்டியிராமல் சேஸிஸில் தனியாகத் தொங்கும் பழைய வண்டி என்றால், அந்தப் பூஸ்டருக்கே நிப்பிள் இருக்கும். சக்கரங்களுக்கு முன்னால் அதில் ஏர் எடுங்கள்.

9. இரண்டு பேர், மூன்று சொல்

இன்ஜின் அணைந்திருக்கட்டும். பெடலை ஐந்தாறு தடவை மிதித்துப் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்யூமைத் தீர்த்துவிடுங்கள். வேக்யூம் இருந்தால் கால் வேலையும் பூஸ்டர் வேலையும் கலந்து, பெடல் என்ன சொல்கிறது என்று தெரியாது.

பாட்டிலில் இரண்டு அங்குலம் புது ஆயில் ஊற்றி டியூப் முனையை மூழ்க விடுங்கள். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி ஒரு சாண் ஏறி, பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். அப்படியானால் குமிழ் நிப்பிளை விட்டு மேலே ஏறிப்போகும், திரும்பி வராது.

பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து, பெடல் தரைவரை போகாமல் தடுங்கள். மாற்றாத பழைய மாஸ்டருக்கு இது மிக முக்கியம். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முன்பகுதிவரை போவதில்லை, அங்கே துருவும் சேறும் படிந்திருக்கும். முழு மிதியில் கப் அந்தத் துருவின் மேல் உரசிக் கீறிக்கொள்ளும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் போய்விட்டது என்று சொல்வார்களே, அது இப்படித்தான் நடக்கிறது.

வேலை இப்படிப் போகட்டும். கீழே இருப்பவர் "மிதி" என்கிறார். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து, அழுத்தம் தங்கியதும் "பிடிச்சிருக்கேன்" என்கிறார். கீழே நிப்பிள் கால் சுற்று திறக்கிறது, பெடல் இறங்குகிறது, கால் எடுக்கக்கூடாது. நிப்பிளை மூடிய பிறகே கீழிருந்து "விடு". மேலே மெதுவாக விட்டு, ஐந்து எண்ணி, அடுத்த மிதி.

"விடு" வருவதற்கு முன் கால் எழுந்தால், திறந்த நிப்பிளின் மரை வழியாகக் காற்று உள்ளே இழுபடும், டியூப் மூழ்கியிருந்தாலும்கூட. முதன்முதல் ஹெல்பரை உட்கார வைக்கும்போது, இரண்டு தடவை நிப்பிளைத் திறக்காமலே இந்த மூன்று சொல்லையும் பழக்கிவிடுங்கள். "ம்", "சரி" போன்ற சொற்களுக்கு இடமே வேண்டாம். வண்டிக்கு அடியில் இருப்பவருக்கு "சரி" என்பது பிடித்ததற்கா விட்டதற்கா என்று தெரியாது.

படபடவென்று பம்ப் அடிக்காதீர்கள். வேகமான மிதியில் பெரிய குமிழ் நூறு சின்னக் குமிழாக உடைந்து ஆயில் மோர் மாதிரி வெளுக்கும். அப்படி ஆகிவிட்டால் இருபது நிமிடம் வேலையை நிறுத்தினால்தான் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து மேலே வரும்.

ஐந்து மிதிக்கு ஒருமுறை கிண்ணத்தைப் பாருங்கள். கால் பங்குக்குக் கீழே இறங்கக்கூடாது. கிண்ணம் ஒருமுறை வறண்டால் ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பாட்டிலில் விழுந்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஒரு சக்கரத்தில் குமிழ் நின்று, ஆயிலும் புது நிறத்தில் வந்த பிறகு இன்னும் மூன்று மிதி, அப்புறம் அடுத்த சக்கரம். நிப்பிளை மணிக்கட்டு பலத்தில் இறுக்குங்கள், அதன் கூம்பு முனை உட்கார அது போதும். ரப்பர் தொப்பியைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை அந்த ஓட்டையில் மண் நிற்கும்.

10. பெடல் என்ன சொல்கிறது

*பெடல் கீழே இறங்கிப் பிடிக்கிறது, இரண்டு மிதியில் மேலே ஏறிக் கெட்டியாக நிற்கிறது.* ஷூ இடைவெளி. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

*மிதிக்க மிதிக்க மேலே வருகிறது, ஆனால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.* உள்ளே காற்று இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் ஊதினாலும் இதே உணர்வுதான். ஒருவர் மிதிக்கும்போது ஹோஸைக் கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், புடைப்பது உள்ளங்கையில் தெரியும்.

*கெட்டியாக நிற்கிறது, அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது.* வெளியே கசிவு இருக்கிறதா பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டருக்குள் கப்பைத் தாண்டி ஆயில் திரும்புகிறது. ஏர் எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது, மாஸ்டரைக் கழற்றுங்கள்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லை என்றால், பிரேக் ஹோஸுக்கென்று விற்கும் உருண்டை விளிம்புக் கிளாம்ப்பால் மூன்று ஹோஸையும் மூடிவிட்டு மிதியுங்கள். பெடல் உச்சியில் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது. பிறகு ஒவ்வொன்றாகத் திறங்கள். எதைத் திறந்ததும் பெடல் இறங்குகிறதோ கோளாறு அந்தப் பக்கம். பிளையர் போட்டு நசுக்கினால் ஹோஸின் உள்தோல் கிழியும். வெடிப்பு விட்ட ஹோஸில் இந்தச் சோதனையே வேண்டாம், அதை மாற்றுங்கள்.

11. ரோட்டுக்கு எடுப்பதற்கு முன்

இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த நேரம் இன்னொருவர் கழற்றிய ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் தாள் காட்டும்.

பெடலை அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். தரைவரை போனால் வண்டி நகரக்கூடாது.

டேஷில் பிரேக் விளக்கு அணையாமல் இருந்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரி என்றால், ஒரு லைன் திறந்திருந்தபோது அழுத்த வேறுபாட்டைக் காட்டும் வால்வு ஒரு பக்கம் நகர்ந்து நின்றிருக்கலாம். வண்டியில் அது இருந்தால், பெடலை ஒருமுறை அழுத்தி மிதிக்கும்போது பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும்.

முதல் ஓட்டம் காலி வண்டியில், காலி இடத்தில், 10 கிலோமீட்டர் வேகத்தில். ஹேண்ட் பிரேக் கைக்கெட்ட இருக்கட்டும். பிறகு 30-ல் பத்து தடவை நிறுத்துங்கள். ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்க ஷூ தளர்வு அல்லது லைனரில் ஆயில் பட்டிருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். மூன்று இளஞ்சூடாக இருந்து ஒன்று கிட்டே போகமுடியாமல் தகித்தால் அந்த ஷூ உரசுகிறது.

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் கிண்ணத்தின் அளவைப் பாருங்கள், நான்கு டயரின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஷூவை மறுபடி ஒருமுறை டைட் வையுங்கள். லோடு ஏற்றுவது அதன்பின்.